ஆள் பார்த்து விட்டால் போதுமா?

சென்னையில் ஒரு போர்ஷனையாவது வாடகைக்கு விட்டிருப்பவரிடம் யோசனை கேட்டால் முதலில் வருவது இதுதான்: “ஆள் பார்த்து விடுங்க சார். மத்ததெல்லாம் தானா சரியா வரும்.” மயிலாப்பூரில் தாத்தா காலத்து வீட்டின் பின்கட்டை விட்டிருப்பவரும் இதைச் சொல்வார், மடிப்பாக்கத்தில் நாலு வீடு கட்டி விட்டிருப்பவரும் சொல்வார். புரோக்கர் சொல்வார். பக்கத்து வீட்டுக்காரர் கேட்காமலே சொல்வார். பட்டறிவின் குரல்போல ஒலிப்பதால் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. நானும் மாடியை வாடகைக்கு விடுகிறவன்தான். வாடகைதாரர் சங்கத்தின் கொடியைப் பிடித்துக்கொண்டு இதை எழுதவில்லை, வீட்டுக்காரன் பக்கத்தில் நின்றே சொல்கிறேன்: இந்த யோசனை தப்பு. வீடு கேட்டு வருகிறவரை அவமானப்படுத்துகிறது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். வீட்டுக்காரனுக்கே இது நஷ்டம்.

‘ஆள் பார்ப்பது’ எப்படி நடக்கிறது? போனில் தொடங்கும். எத்தனை பேரு, ஃபேமிலியா பேச்சிலரா, எங்க வேலை? இதுவரை சரி. அடுத்து, சொந்த ஊர் எது? ஊரை வைத்து எதுவும் பிடிபடாவிட்டால், “அங்க எந்தப் பக்கம்?” பிறகு அப்பா பெயர், அப்பா என்ன செய்தார். பிறகு, “நாங்க வெஜிடேரியன், நீங்க…?” என்று பாதியில் தொங்கும் ஒரு வாக்கியம். இதற்கெல்லாம் பிடி கொடுக்காதவரிடம் கடைசியாக, குரலைத் தாழ்த்திக்கொண்டு, “தப்பா நினைக்காதீங்க, நீங்க என்ன ஆளுங்க?” பெயர் முஸ்லிம் பெயராக இருந்தால் இவ்வளவு தூரம்கூட வராது. “இப்பதாங்க ஒருத்தர் டோக்கன் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனாரு” என்று முதல் நிமிடத்திலேயே முடிந்துவிடும். தனியாக இருக்கும் பெண், விவாகரத்து ஆனவர், சினிமாவில் உதவி இயக்குநர், மணிப்பூரிலிருந்து வந்து ஓட்டலில் வேலை பார்க்கும் பையன் என்று ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பதில் கைவசம் இருக்கிறது.

வரன் பார்க்கிறபோது கேட்கிற கேள்விகள் இவை. ஜாதகம் மட்டும்தான் பாக்கி. இதில் கேட்கப்படாதவற்றைக் கவனியுங்கள். மாதச் சம்பளம் எவ்வளவு? இதற்கு முன் இருந்த வீட்டில் எத்தனை வருடம்? ஏன் காலி செய்கிறீர்கள்? அந்த வீட்டுக்காரரிடம் நான் பேசலாமா? சம்பளத்தைக் கேட்பது நாகரிகக் குறைவு என்று நினைக்கிற மனிதருக்குச் சாதியைக் கேட்பது கூச்சமாக இல்லை.

வாடகைக்கு விட்டதில் வருகிற தொல்லைகள் எவை என்று அடிபட்டவர்களைக் கேட்டால் எல்லோரும் ஏறக்குறைய ஒரே பட்டியலைத்தான் சொல்வார்கள். வாடகை தள்ளித் தள்ளி வந்தது, பிறகு நின்றது. காலி செய்யச் சொன்னால் “அடுத்த மாசம்” என்றார்கள், அது வரவே இல்லை. இரண்டு பேர் என்று சொல்லி வந்தவர்கள் ஏழு பேரானார்கள். குழாய் ஒழுகியதைச் சொல்லாமல் விட்டு, சுவரெல்லாம் ஓதம் ஏறியது. கரண்ட் பில்லை வைத்துவிட்டுப் போனார்கள். இதில் எது ஒருவர் பிறந்த சாதியிலிருந்தோ சாப்பிடும் சாப்பாட்டிலிருந்தோ வருகிறது? வேலை போனால் வாடகை நிற்கும். மாதச் சம்பளத்தில் பாதியை வாடகைக்கே கொடுக்கிறவர், வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தால் தடுமாறுவார். காலி செய்யும் தேதி எழுத்தில் இல்லாவிட்டால் யாருமே தள்ளித்தான் போடுவார்கள். நல்ல குடும்பம், கெட்ட குடும்பம் என்ற பிரிவினை இந்த இடத்தில் எதையும் சொல்வதில்லை.

உண்மையில் ‘நம்ம ஆளு’ என்று விட்ட வீடுகளில்தான் சிக்கல் முற்றிப்போகிறது. காரணம் எளிது. நம்ம ஆளிடம் ஒப்பந்தம் போடக் கூச்சம். பெரியப்பா வழியில் சொந்தம், அல்லது சொந்த ஊர்க்காரர், அல்லது மாப்பிள்ளையின் ஆபீஸ் நண்பர். “நமக்குள்ள என்னங்க பேப்பர்?” என்பதே அங்கே மரியாதை. மூன்று வருடம் கழித்து வாடகையைக் கூட்டக் கேட்டால் முகம் மாறும். ஐந்தாவது வருடம் மகன் கல்யாணத்துக்கு வீடு வேண்டும் என்றால் குடும்பமே இரண்டாகும். அவருக்கு நோட்டீஸ் அனுப்ப முடியாது, அடுத்த சீமந்தத்தில் எதிரில் உட்கார வேண்டும். முன்பின் தெரியாத ஒருவரிடம் முதல் நாளே எல்லாவற்றையும் எழுதி வாங்கியிருப்போம். தெரிந்தவரிடம் எழுதி வாங்க முடியாததற்குக் காரணமே தெரிந்தவர் என்பதுதான். ஆள் பார்க்கும் யோசனையின் மிகப் பெரிய கேடு இது: எழுத வேண்டியதை எழுதாமல் விட அது நமக்கு ஒரு சாக்கைக் கொடுக்கிறது.

‘வெஜிடேரியன் மட்டும்’ என்ற பலகையை எடுத்துக்கொள்வோம். 2014-ல் இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகம் நடத்திய மாதிரிக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 97 சதவீதத்துக்கும் மேல் அசைவர்கள். அந்தப் பலகையை மாட்டுகிறவர், வரக்கூடிய நூறு பேரில் 97 பேரைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டு மிச்ச மூன்று பேருக்காகக் காத்திருக்கிறார். மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் விகிதம் வேறாக இருக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தப் பலகை இன்று மேடவாக்கத்திலும் போரூரிலும் தொங்குகிறது, வீட்டுக்காரரே ஞாயிற்றுக்கிழமை மட்டன் எடுக்கிற வீடுகளில்கூட. அங்கே அந்தச் சொல்லின் வேலை வேறு. சாதியை வாய்விட்டுச் சொல்லாமல் வடிகட்ட உதவும் மறைப்பு அது.

காத்திருப்பதற்கு விலை உண்டு. அதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. 20,000 ரூபாய் வாடகைக்குப் போகிற வீடு ‘சரியான ஆள்’ வரும்வரை இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தால் 40,000 ரூபாய் போயிற்று, வருட வாடகையில் ஆறில் ஒரு பங்கு. ஏமாற்றிவிடுவான் என்று நாம் பயப்படும் வாடகைதாரன் அவ்வளவு ஏமாற்ற இரண்டு மாதம் முழுதாக நிறுத்த வேண்டும். நாமோ யாரும் ஏமாற்றாமலே அந்தத் தொகையை விட்டுவிடுகிறோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்திய நகரங்களில் சுமார் 1.1 கோடி வீடுகள் காலியாக இருந்தன. அத்தனைக்கும் ஆள் பார்ப்பது காரணமில்லை. முதலீடாக வாங்கிப் போட்டவை, விற்காமல் நிற்பவை, பாகப்பிரிவினையில் மாட்டியவை எல்லாம் அதில் உண்டு. ஆனால் “விட்டா திரும்பி வராது” என்ற பயத்தில் பூட்டி வைத்தவையும் உண்டு என்பதை எந்தத் தெருவில் நடந்தாலும் பார்க்கலாம்.

பேச்சிலர் விஷயம் பழையது. திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் அத்தனையும் எழுந்ததில், கல்யாணம் ஆகாத ஆணுக்கு இந்த ஊரில் வீடு கிடைக்காது என்பதற்குப் பெரிய பங்கு உண்டு. இன்றைக்கு ஓ.எம்.ஆர். பக்கம் மூன்று இளைஞர்கள் சேர்ந்து ஒரு வீட்டுக்குக் கொடுக்கும் வாடகையை ஒரு சம்பளக் குடும்பம் கொடுக்க முடியாது. “சத்தம் போடுவாங்க, பார்ட்டி பண்ணுவாங்க” என்பார்கள். போடலாம். எதிர்வீட்டில் சஷ்டியப்தபூர்த்திக்கு மைக் செட் வைத்ததைவிடக் குறைவாகவே போடுவார்கள், ஆனாலும் போடலாம். இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது, குடியிருப்போர் எண்ணிக்கை இன்னது, புது ஆள் சேர்ந்தால் எழுத்தில் சொல்ல வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதலாமே. ஒருவரின் நடத்தைக்குப் போட வேண்டிய நிபந்தனையை அவருடைய திருமண நிலைக்குப் போடுகிறோம். கல்யாணமான குடிகாரர்கள் இதில் சுலபமாகத் தேறிவிடுகிறார்கள்.

வீட்டுக்காரர்கள் மறுக்கும் இன்னொரு பட்டியல் வேடிக்கையானது: வக்கீல், போலீஸ், பத்திரிகைக்காரர், அரசியல்வாதி. “சட்டம் பேசுவாங்க.” கடைசி இருவரைப் பற்றி நான் வாதாடப் போவதில்லை. ஆனால் சட்டம் தெரிந்தவர் வேண்டாம் என்று ஒருவர் சொன்னால், தாம் செய்யப்போவது சட்டத்துக்கு ஒத்துவராது என்று அவருக்கு ஏற்கெனவே தெரியும் என்றுதான் அர்த்தம்.

இந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது, அதை மறுத்தால் நேர்மையாகாது. 1960-ன் தமிழ்நாடு கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம் வீட்டுக்காரர்களைப் படாதபாடு படுத்தியது. வாடகை பாக்கி என்றால் போதாது, வேண்டுமென்றே வைத்த பாக்கி என்று நிரூபிக்க வேண்டும். சொந்த உபயோகத்துக்கு வேண்டும் என்றால் அது உண்மையான தேவைதான் என்று நிரூபிக்க வேண்டும். அப்பா போட்ட வழக்கை மகன் நடத்தி, பேரன் தீர்ப்பு வாங்கிய கதைகள் சௌகார்பேட்டையிலும் தியாகராய நகரிலும் இன்றும் உண்டு. “வாடகைக்கு விட்டா வீடு போச்சு” என்ற பேச்சு அந்தக் காலத்தில் பொய்யில்லை.

ஆனால் அந்தச் சட்டம் இப்போது இல்லை. வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017-ம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அது வந்த பிறகும் வீட்டுக்காரர்கள் பழைய சட்டத்தின் பயத்தோடும் பழைய சட்டத்தின் தந்திரங்களோடும்தான் வாழ்கிறார்கள். புதிய சட்டத்தின் முதுகெலும்பு எழுத்து. எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் யாரும் வாடகைக்கு விடவோ எடுக்கவோ கூடாது, அந்த ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், பதியாத ஒப்பந்தத்தைச் சாட்சியமாக ஏற்க முடியாது. பதிவை அரசின் இணையதளத்திலேயே செய்யலாம். இரண்டு மாத வாடகை பாக்கியைக் கேட்டு நோட்டீஸ் கொடுத்து ஒரு மாதத்துக்குள் வரவில்லையென்றால் வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். எழுத்து ஒப்பந்தத்துக்கு வராமல் இருப்பதே வீட்டைத் திரும்பக் கேட்க ஒரு காரணம். காலம் முடிந்தும் காலி செய்யாதவரிடம் இரட்டிப்பு வாடகை கேட்கலாம். இவ்வளவையும் வீட்டுக்காரன் கையில் கொடுத்துவிட்டு, பதிலுக்கு ஒரு காகிதத்தைப் பதியச் சொல்கிறது சட்டம். அதைத்தான் நாம் செய்வதில்லை. புதிய சட்டத்திலும் வழக்கு இழுக்கத்தான் செய்யும், நம் நீதிமன்றங்களின் வேகம் எல்லோருக்கும் தெரியும். பதிவு செய்த ஒப்பந்தத்தோடு இழுப்பதற்கும் ஒன்றுமே இல்லாமல் இழுப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை வக்கீல் ஃபீஸ் கட்டியவர்கள் அறிவார்கள்.

பழைய தந்திரங்களில் முதலாவது 11 மாதம். “ஒரு வருஷம்னு எழுதினா அவனுக்கு உரிமை வந்துடும்” என்று ஜெராக்ஸ் கடைக்காரர் வரைக்கும் சொல்வார். வராது. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தே ஆக வேண்டும் என்று பதிவுச் சட்டம் சொல்கிறது. அந்தச் செலவைத் தவிர்க்கக் கண்டுபிடித்த கணக்குதான் 11. வாடகைதாரரின் உரிமைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 2017-ம் ஆண்டுச் சட்டத்தில் வாடகை அதிகாரியிடம் பதிவதற்கு 11 மாதம், 36 மாதம் என்ற பேதமே கிடையாது. இரண்டாவது, “பன்னிரண்டு வருஷம் இருந்தா வீடு அவனுக்குச் சொந்தம்.” காலவரம்புச் சட்டத்தின் 12 வருடம், உரிமையாளருக்கு எதிராக, அவர் அனுமதியில்லாமல் அனுபவிக்கிறவருக்கானது. வாடகை கொடுத்து இருக்கிறவர் அனுமதியோடு இருக்கிறவர். தான் குடியேறியபோது வீட்டுக்காரருக்கு உரிமை இல்லை என்று வாடகைதாரர் வாதாடக் கூடாது என்று சாட்சியச் சட்டமே தடுக்கிறது. இதற்கு வேண்டியது ஒன்றுதான்: அவர் வாடகைதாரர் என்பதற்கு அத்தாட்சி. ஒப்பந்தம் போடாமல், ரசீது கொடுக்காமல், ரொக்கமாக வாங்கிப் பையில் போட்டுக்கொண்ட வீட்டுக்காரர்தான் அந்த அத்தாட்சி இல்லாமல் நிற்கிறார். ரசீது கொடுத்தால் உரிமை போய்விடும் என்று பயந்தவருக்கு, அந்த ரசீதே காவல் என்று யாரும் சொல்லவில்லை.

மூன்றாவது தந்திரம் அட்வான்ஸ். சென்னையில் பத்து மாத வாடகை என்பது நெடுங்காலம் எழுதாத சட்டமாக இருந்தது, இப்போது சில இடங்களில் ஐந்து, ஆறு என்று இறங்கியிருக்கிறது. 2017-ம் ஆண்டுச் சட்டம் மூன்று மாதம் என்கிறது, ஒப்பந்தத்தில் வேறு விதமாகப் பேசிக்கொண்டால் தவிர. அந்த ‘தவிர’வில் புகுந்துகொண்டு பத்து மாதம் வாங்குவது தொடர்கிறது. பெரிய அட்வான்ஸ் வாங்குவது ஆள் பார்ப்பதன் மறுபாதி. அவ்வளவு கொடுக்க முடிந்தவர் ‘தரமானவர்’ என்ற நம்பிக்கை. இதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம், ஏனென்றால் வீட்டுக்காரர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான்.

வாங்கிய இரண்டு லட்சம் வங்கியில் இருக்கிறதா? பெரும்பாலும் இல்லை. மொட்டை மாடியில் ஓடு பதித்தது, மகளின் காலேஜ் ஃபீஸ், பழைய கடன் என்று முதல் மாதத்திலேயே போயிருக்கும். பிறகு வாடகைதாரர் காலி செய்கிறேன் என்று சொன்னால் திருப்பிக் கொடுக்கப் பணமில்லை. அடுத்தவர் அட்வான்ஸ் கொண்டுவந்தால்தான் முன்னவருக்குத் தர முடியும். அதனால் அடுத்தவரை அவசரமாகப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஆள் பார்க்கும் கொள்கையெல்லாம் அன்றைக்கு எங்கே போகிறது என்று கேட்காதீர்கள். வாடகைதாரருக்கும் இது தெரியும். பணம் கைக்கு வராது என்று சந்தேகப்படுகிறவர் கடைசி ஐந்தாறு மாதம் வாடகையை நிறுத்திவிட்டு, “அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க சார்” என்கிறார். பாதுகாப்பு என்று வாங்கிய தொகையே வாடகையை நிறுத்தும் வழியாகிவிட்டது. கழித்து முடிந்த பிறகு வீட்டில் சேதம் இருந்தால் எதிலிருந்து எடுப்பது? வட்டிக் கணக்காவது தேறுகிறதா என்றால், இரண்டு லட்சத்துக்கு ஏழு சதவீதம் வைத்தாலும் மாதத்துக்கு ஆயிரத்துச் சொச்சம்தான். மூன்று மாத அட்வான்ஸை வாங்கித் தனிக்கணக்கில் போட்டு வைத்து, வாடகையில் ஓராயிரம் கூட்டிக் கேட்டிருந்தால் இந்தத் தலைவலியே இல்லை. வரக்கூடியவர்களின் எண்ணிக்கையும் பெருகியிருக்கும். இரண்டு லட்சத்தை மொத்தமாகப் புரட்ட முடியாத, ஆனால் மாதாமாதம் ஐந்தாம் தேதி தவறாமல் வாடகை கட்டக்கூடிய இளம் தம்பதிகள் இந்த ஊரில் ஏராளம்.

‘என் வீடு, என் இஷ்டம்’ என்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். சொத்து அவருடையது, சந்தேகமில்லை. மதத்தையோ சாப்பாட்டையோ காரணமாக வைத்து மறுக்கும் தனி வீட்டுக்காரரைத் தடுக்கத் தெளிவான சட்டம் நம்மிடம் இல்லை, இருந்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் இஷ்டத்துக்கு எல்லையே இல்லை என்று நினைப்பவர்கள் சட்டத்தைப் படிக்கவில்லை. தீண்டாமையின் பேரில் ஒருவரைக் குடியிருப்பு வீட்டில் குடியேறவிடாமல் தடுப்பது 1955-ன் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தில் குற்றம். திருநர் என்பதற்காக வீடு மறுக்கக் கூடாது என்று 2019-ம் ஆண்டுச் சட்டமும், எச்.ஐ.வி. தொற்று உள்ளவர் என்பதற்காக மறுக்கக் கூடாது என்று 2017-ம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டமும் சொல்கின்றன. “நீங்க என்ன ஆளுங்க?” என்று கேட்டுவிட்டு, பதில் வந்தபின் “வீட்டை விக்கப் போறோம்” என்று சொல்பவர், தாம் குற்றத்தின் வாசலில் நிற்கிறோம் என்று அறியாமல்தான் சொல்கிறார்.

தில்லி வட்டாரத்தில் சுகதேவ் தோரட்டும் சக ஆய்வாளர்களும் நடத்திய ஆய்வு ஒன்று 2015-ல் ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’யில் வந்தது. தலித், முஸ்லிம், உயர்சாதி ஆட்கள் தனித்தனியே வீடு தேடினார்கள். உயர்சாதியினருக்குத் திறந்த கதவு மற்ற இருவருக்கும் பல இடங்களில் மூடியது, முஸ்லிம்களுக்கு அதிகம். வீடு கிடைத்த இடங்களிலும் கூடுதல் வாடகை, கூடுதல் நிபந்தனை. இந்த அநியாயத்தைச் சொல்ல வேறு மேடைகள் உண்டு. வீட்டுக்காரனாக எனக்கு இதில் தெரிவது இன்னொன்று: அத்தனை பேர் மறுக்கிறார்கள் என்பதால்தான் அவர்கள் கூடுதலாகக் கொடுத்தாவது வீடு எடுக்கிறார்கள். நியாயமான வாடகையும் மரியாதையும் கிடைத்தால் அப்படிப்பட்டவர் அந்த வீட்டை லேசில் விட்டுப் போக மாட்டார். வாடகைதாரர் அடிக்கடி மாறாமல் இருப்பதைவிட வீட்டுக்காரனுக்குப் பெரிய லாபம் எது?

போலீஸ் சரிபார்ப்பு பற்றி ஒரு வார்த்தை. 2012 பிப்ரவரியில் வேளச்சேரியில் வங்கிக் கொள்ளையர்கள் என்று சொல்லப்பட்ட ஐந்து பேர் வாடகை வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, வாடகைதாரர் விவரங்களைக் காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டும் என்று சென்னை மாநகரக் காவல்துறை உத்தரவிட்டது. விவரம் கொடுப்பது நல்லதுதான், கொடுங்கள். ஆனால் அதற்குப் பிறகு ‘வடக்கத்தியப் பசங்க’ எல்லோரையும் சந்தேகத்தோடு பார்த்த ஊர் இது. குற்றப் பின்னணி இருக்கிறதா என்பதைத்தான் காவல் நிலையம் சொல்லும். வாடகை ஒழுங்காக வருமா என்று சொல்லாது.

சரி, எதைத்தான் பார்ப்பது? வருமானத்தைப் பாருங்கள், வாடகை அதில் மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்குகிறதா என்று பாருங்கள். சம்பளச் சீட்டைக் கேளுங்கள், கொடுப்பார்கள், வங்கிக்காரனுக்குக் கொடுக்கிறார்களே. அடையாள அட்டையின் நகலை வாங்குங்கள். இதற்கு முன் இருந்த வீட்டுக்காரரிடம் பேசுங்கள். இப்போது இருக்கும் வீட்டுக்காரரைவிட அதற்கும் முந்தையவரே மேல். இப்போதைய வீட்டுக்காரருக்கு இவர் கிளம்பினால் போதும் என்றிருந்தால் வானளாவப் புகழ்வார். முந்தையவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சாதியோ மதமோ சாப்பாடோ கேட்காமல் இவ்வளவையும் பத்து நிமிடத்தில் தெரிந்துகொள்ளலாம்.

அதன் பிறகு நடப்பதெல்லாம் நிர்வாகம். வீட்டை ஒப்படைக்கும் நாளில் ஒவ்வொரு அறையையும் போனில் வீடியோ எடுத்து இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். எந்த ரிப்பேர் யாருடையது என்று 2017-ம் ஆண்டு வாடகைச் சட்டமே இணைப்பில் பட்டியல் போட்டிருக்கிறது: கட்டுமானப் பழுது, வெள்ளையடிப்பு, பைப் மாற்றுவது, ஒயரிங் ஆகியவை வீட்டுக்காரர் தலையில். குழாய் வாஷர், ஸ்விட்ச், கதவுத் தாழ், சாக்கடை அடைப்பு வாடகைதாரர் பொறுப்பு. நம் ஊர் வழக்கமோ காலி செய்கிறபோது ‘பெயின்டிங்குக்கு’ என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது, பிறகு பெயின்ட் அடிக்காமலே அடுத்தவருக்கு விடுவது. பிடிக்கத்தான் வேண்டும் என்றால் அதை முதல் நாளே எழுதிவிடுங்கள். கரண்டுக்கும் அப்படியே. அரசு தரும் 100 யூனிட் இலவசத்தைத் தான் வைத்துக்கொண்டு சப்-மீட்டரில் யூனிட்டுக்கு எட்டு, பத்து ரூபாய் வாங்குகிற வீட்டுக்காரர், தம் வாடகைதாரர் நேர்மையாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார். பாக்கி வைத்தால் தண்ணீரை நிறுத்துவது, ஃபியூஸைப் பிடுங்குவது எல்லாம் சட்டவிரோதம். வீட்டுக்குள் போய்ப் பார்க்க வேண்டும் என்றால் 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் சொல்ல வேண்டும். மாற்றுச் சாவி வைத்துக்கொண்டு “சும்மா பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்” என்கிற வழக்கம் நம்மிடம் அதிகம். தனியாக இருக்கும் பெண்கள் வீடு மாறுவதற்குச் சொல்லாத காரணம் பல சமயம் அதுதான்.

இவ்வளவு லேசான வேலை என்றால் ஏன் யாரும் செய்வதில்லை? சோம்பல் பாதி. மீதி, வெளியே சொல்லாத காரணம், வருமான வரி. ஒப்பந்தத்தைப் பதிந்தால், வங்கியில் வாடகை வாங்கினால், ‘மாட்டிக்கொள்வோம்’ என்ற பயம். பழைய முறையில் வரி கட்டும் சம்பளக்காரர் வீட்டு வாடகைப் படிக்கு விலக்குக் கேட்டால், வருட வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டும்போது வீட்டுக்காரரின் பான் எண்ணைக் கொடுக்க வேண்டும். “பான் எல்லாம் தர மாட்டோம், இஷ்டம்னா வாங்க” என்று கதவிலேயே சொல்கிறார்கள். நல்ல சம்பளமும் நிரந்தர வேலையும் உள்ள, கணக்கு வழக்கை ஒழுங்காக வைத்திருக்கிற வாடகைதாரர் அந்த இடத்திலேயே திரும்பிப் போய்விடுகிறார்.

அப்படி எவ்வளவு வரியை மிச்சம் பிடிக்கிறார்கள்? மாதம் 50,000 ரூபாய் ஓய்வூதியமும் 20,000 ரூபாய் வாடகையும் வருகிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். வருட வாடகை 2,40,000. அதில் 30 சதவீதத்தைப் பராமரிப்புக்கென்று சட்டமே கழித்துவிடுகிறது, கட்டிய சொத்து வரியையும் கழிக்கலாம். மிஞ்சுவது அதிகம் போனால் 1,68,000. ஓய்வூதியத்தையும் சேர்த்தால் மொத்த வருமானம் எட்டு லட்சத்தைத் தொடாது. 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய வரிமுறையில் 12 லட்சம் வரை வரி இல்லை. அவர் கட்ட வேண்டியது பூஜ்யம். அந்தப் பூஜ்யத்துக்குப் பயந்துதான் ரசீது கேட்காத, ஒப்பந்தம் கேட்காத, ரொக்கமாகக் கொடுக்கிற ‘நம்ம ஆளை’ அவர் இந்த மாதமும் தேடிக்கொண்டிருக்கிறார்.